நாலாம் கூண்டுத் தாய்

அவர் இறந்துவிட்டார் என்று கொரட்டூரிலிருந்து வந்த ஒருவர் சொன்னபோது நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்தேன். "சாவுக்குப் போகலையா? அவர்கிட்ட வேலை பார்த்தீங்களே" என்று கேட்டார். போகவில்லை என்றேன். ஏன் என்று வந்தவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று அவர் வந்த காரியம் எதுவும் நடந்திருக்காது, அவ்வளவு இருக்கிறது சொல்ல.

எழுபதுகளின் தொடக்கம். கள்ளிக்குப்பத்தில் ஓட்டு வீடு ஒன்றில் நானும் அம்மாவும் இருந்தோம். அம்மா இளவயதில் கழனி வேலை செய்தவள். கழனியெல்லாம் தொழிற்பேட்டையாக ஆனதும் அதே மண்ணின் மேல் கட்டிய ஒரு கம்பெனியில் பெருக்குகிற வேலைக்குப் போனாள். நான் தட்டச்சு படித்து அம்பத்தூரில் வேறொரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்ட். வயது இருபத்தாறு. பூந்தமல்லியில் வாழ்க்கைப்பட்டு நாலு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தேன். திரும்பி வந்தேன் என்று சொல்வதெல்லாம் என் மரியாதைக்காக. அனுப்பினார்கள். "பெறாதவளுக்கு எதுக்கு வடிச்சுக் கொட்டணும்" என்று மாமியார் வாசலில் நின்று சொன்னது எதிர்வீடு வரைக்கும் கேட்டது. அடுத்த வைகாசியிலேயே அந்த வீட்டில் வேறு கல்யாணம் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொரட்டூர் ஏரிப்பக்கம் ஒரு பெரிய வீட்டுக்கு டைப் அடிக்கப் போவேன். வீட்டுக்காரர் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வெளேரென்று சடை நாய் வளர்த்துக் குட்டி விற்றார். பொமரேனியன் என்று சொல்ல வேண்டும். சடை நாய் என்று யாராவது சொன்னால் முகம் சுளிப்பார். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு வம்சப் பத்திரம் உண்டு. தாய், தகப்பன், தாத்தா, பாட்டி என்று ஐந்து தலைமுறையை நான் அடித்துக் கொடுக்க வேண்டும். எனக்கு என் தாத்தாவோடு சரி, அதற்கு மேல் யார் பெயரும் தெரியாது. அவருடைய நாய்க்குத் தெரியும்.

பத்திரத்தோடு ஒரு கடிதமும் போகும். வாங்குகிறவருக்கு எச்சரிக்கை. பெட்டை நாயைத் தெருவில் விடாதீர்கள், தெருநாய் ஒரே ஒரு முறை சேர்ந்துவிட்டாலும் அதன் இரத்தம் ஆயுசுக்கும் கெட்டுவிடும், பிறகு எவ்வளவு உயர்ந்த சாதி ஆண் நாயோடு சேர்த்தாலும் குட்டியில் அந்தத் தெருநாய் தலைகாட்டும். இது சுத்தப் பொய் என்று பிற்பாடு ஒரு கால்நடை மருத்துவர் எனக்குச் சொல்லிச் சிரித்தார். ஆனால் அன்றைக்கு நாய் வளர்க்கும் பெரிய மனிதர்கள் எல்லாரும் இதை வேதவாக்காக நம்பினார்கள், அவரும் நம்பினார். அந்த வரிகளை அடித்து அடித்து என் விரலுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. எனக்குக் காபி தருகிற டம்ளர் தனியாக, கொல்லைக் குழாயடியில் கவிழ்ந்திருக்கும். அந்த டம்ளரைப் பார்த்துவிட்டு வந்து அந்த வரிகளை அடிப்பேன்.

குட்டி வாங்க வருகிறவர்களை முன்கூடத்தில் உட்கார வைப்பார். அங்கே ஜமுக்காளத்தின் மேல் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட ஒரு அழகி படுத்திருக்கும். எந்தக் குட்டிக்கும் அதுதான் தாய் என்று காட்டுவார். அது அதுவரை ஒரு குட்டிகூடப் போட்டதில்லை. நிஜத் தாய்கள் ஏழும் பின்கட்டில் ஏழு கூண்டில் இருந்தன. செங்கல்லின் மேல் தூக்கி வைத்த கூண்டுகள், அடியிலும் கம்பிவலை. கழிவு கீழே விழுந்துவிடும், கழுவ வசதி. அங்கேயே பிறந்து, அங்கேயே வருஷத்துக்கு இரண்டு தடவை ஈன்று, மண்ணில் கால் வைக்காமலே கிழடாகிப் போகும் நாய்கள். அவற்றுக்குப் பெயர் கிடையாது. ஒன்றாம் கூண்டு, இரண்டாம் கூண்டு, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு நான் போனபோது கூண்டு கழுவுகிற ஆள் கையில் சாக்கோடு நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும், நான் அண்ணாத்தே என்று கூப்பிடுவேன். நாலாம் கூண்டு இரண்டு பருவமாகக் குட்டி போடவில்லையாம். "குத்தம்பாக்கம் பக்கமா உட்டுட்டு வரச் சொல்றாரு தங்கச்சி" என்றார். கூண்டின் மூலையில் அது முகத்தைக் கம்பியில் அழுத்திக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது. முதுகில் பாதி முடி இல்லை. அடிவயிறு தொங்கிப்போயிருந்தது.

நான் நேரே அவரிடம் போய், அந்த நாயை நான் எடுத்துக்கொள்கிறேன் சார் என்றேன். பேப்பரிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"அது இனிமே பெறாதும்மா."

"பரவாயில்லை சார்."

சிரித்தார். "சரி, எடுத்துக்கோ. பெறாததும் பெறாததுமா சேர்ந்து இருங்க."

உள்ளே அவர் மனைவி சிரித்ததும் என் காதில் விழுந்தது. அன்றைக்கு இருந்த மூன்று பத்திரத்தையும் ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்துவிட்டு, நாயைக் காய்கறிக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழி முழுக்க அந்த ஒரு வரிதான். மாமியார் சொன்னதைக்கூட நான் மறந்திருப்பேன், அவள் வயிற்றெரிச்சலில் சொன்னாள். இந்த ஆள் வேடிக்கைக்குச் சொன்னார். இவரை விடுவதில்லை என்று கொரட்டூர் ரயில்வே கேட்டில் நின்றபோது முடிவு பண்ணினேன்.

அம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, நாயா பஞ்சு மூட்டையா? இதுக்கு இன்னா பேரு?"

பெயர் இல்லை என்றேன். அம்மா ஒரு தட்டில் சோறு பிசைந்து, "இந்தாடி, துண்ணு" என்று வைத்தாள். அது சாப்பிடவில்லை. ஆனால் அதற்கு முதன்முதலாக யாரோ சொன்ன வார்த்தை அது. இந்தாடி என்பதே அதன் பெயராக நிலைத்துவிட்டது.

இந்தாடியை மண்ணில் இறக்கிவிட்டால் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும், ஏதோ சுடுவதுபோல. சமமான தரையில் நிற்கத் தெரியவில்லை, விரல்களை விரித்து இல்லாத கம்பியைப் பிடிக்கும். எங்கள் வீட்டு முற்றம் நல்ல அகலம். அதற்குள் அது ஆறு அடி நடக்கும், திரும்பும், ஆறு அடி நடக்கும், திரும்பும். கூண்டை அது கூடவே கொண்டு வந்திருந்தது. யாராவது தொட்டால் ஓடாது, கடிக்காது. நாலு காலையும் விறைத்துக்கொண்டு, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, முடியட்டும் என்று நிற்கும். எனக்கு அது புரிந்தது. பூந்தமல்லியில் நாலு வருஷம் நான் அப்படித்தான் நின்றேன்.

முதல் மாதம் தானாகக் கட்டிலுக்கு அடியை விட்டு வரவில்லை. நாங்கள் முதுகைத் திருப்பினால்தான் சாப்பிடும். அதனால் நானும் அம்மாவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடப் பழகினோம். இரண்டாம் மாதம் ஒருநாள் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து அவள் குதிகாலை ஒரு தடவை நக்கிவிட்டு ஓடியது. அம்மா அசையவில்லை. புடைத்த அரிசியையே மறுபடி மறுபடி புடைத்துக்கொண்டு, "நக்கிச்சுடி, நக்கிச்சுடி" என்று சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்தாள். நான்காம் மாதம் முதுகில் முடி வந்துவிட்டது. முற்றத்தில் பத்து அடி நடந்தது. தெருவாசலை மட்டும் தாண்டவே இல்லை, படல் திறந்திருந்தாலும் அதன் இந்தப் பக்கமே நின்றுவிடும்.

கொரட்டூர் வேலையை நான் விடவில்லை. காத்திருந்தேன். எதற்கு என்று தெரியாமல் காத்திருந்தேன். வாய் சும்மா இருக்காமல் ஒரு ஞாயிறு, "சார், நாலாம் கூண்டுக்கு முடியெல்லாம் வந்து தளதளன்னு ஆயிடுச்சு" என்றேன். எரியட்டும் என்றுதான் சொன்னேன். அவருக்கு எரியவில்லை. கண்ணில் கணக்கு ஓடியது. என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் அதற்கு நல்ல இடம் உண்டு.

அடுத்த நாள் சாயங்காலம் ஸ்கூட்டரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். அதுவரை அந்தத் தெருவுக்கு வராதவர். நேராக முற்றத்துக்கு வந்து இந்தாடியைத் தூக்கித் துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்தார். வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். அது நாலு காலையும் விறைத்துக்கொண்டு நின்றது. நின்றபடியே மூத்திரம் போனது. நாலு மாதம் நாங்கள் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டது அத்தனையும் அந்தக் கல்லின் மேல் வழிந்து ஓடியது.

"இன்னும் ரெண்டு ஈத்து தாங்கும்" என்றார். "ஞாயித்துக்கிழமை ஆளை அனுப்பறேன். பேப்பர்ல சொந்தக்காரன் நான்தானே, நீயே அடிச்சதுதான்."

அது உண்மை. என் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. விரலுக்கு மனப்பாடமான அந்த வரி வாய்க்கு வந்தது.

"தாராளமா எடுத்துக்குங்க சார். ஆனா இது போன மாசம் தெருநாயோட சேர்ந்துடுச்சு."

அவர் கை நாயின் மேலேயே நின்றுவிட்டது. "பொய் சொல்லாதே."

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். நான் அவளுக்குக் கண்ஜாடைகூடக் காட்டவில்லை. "அத்த இன்னாத்துக்கு சார் கேக்குறீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "முனையில ஒரு செவல கீது பாரு, காது கிழிஞ்சது, அதோடதான் சுத்திகினு கெடந்துச்சு. ஒரு தபாவா ரெண்டு தபாவா? தண்ணி ஊத்திப் பாத்தேன், பிரியல. தெருவே வேடிக்க பாத்துச்சு."

தெருவாசலையே தாண்டாத நாயைப் பற்றி என் அம்மா இப்படிச் சொன்னாள். அவர் கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். எனக்கு அந்த டம்ளர் ஞாபகம் வந்தது. போகும்போது ஸ்கூட்டரின் மேல் உட்கார்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, "இதை வெளியில யார்கிட்டயும் சொல்லாதேம்மா" என்றார். நாலாம் கூண்டுக் குட்டிகளை வாங்கியவர்கள் இது என்றைக்கு நடந்தது, அதற்கு முன்னாலும் நடந்ததா என்று கேட்பார்களாம். அவர் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. என் கையில் என்ன இருக்கிறது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நாய் தப்பித்துவிட்டது. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்த எனக்கு மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். பட்டணத்திலிருந்து இரண்டு கார் வந்திருந்தது. முன்கூடத்தில் பவுடர் அழகி படுத்திருந்தது, குட்டிகள் பிரம்புக் கூடையில் இருந்தன, அவர் இரத்தச் சுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் தாழ்வாரத்தில் மெஷினில் காகிதம் சொருகிக்கொண்டே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"சார், நாலாம் கூண்டுத் தாய் தெருநாயோட சேர்ந்ததைப் பத்திரத்துல எழுதணுமா, வேண்டாமா?"

"அது இங்கேருந்து போன பிறகு நடந்தது" என்றார் அவசரமாக.

"இல்லையே சார். போன மழைக்கு ஏரிப்பக்கத்து வேலி சாஞ்சு கெடந்ததே, அப்ப கூண்டு கழுவ எல்லாத்தையும் வெளியே விட்டிருந்தாங்களே" என்றேன். வேலி சாய்ந்தது நிஜம். மற்றதை அந்த நிமிஷத்தில் கட்டினேன்.

காரில் வந்தவர்களில் ஒருவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். பவுடர் அழகியைத் தவிர அங்கே ஆறு தாய் இருப்பதை அன்றுதான் வெளியாள் ஒருவர் பார்த்தார். கூண்டு கழுவுகிற அண்ணாத்தேயிடம் வேலியைப் பற்றிக் கேட்டார். அண்ணாத்தே என்னைப் பார்த்தார், பின்னாலேயே வந்து நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தார். "எனக்கு இன்னா தெரியும் சார். ரெண்டு மூணு தபா செவல நாயத் தொரத்திகீறேன்" என்றார். அவருக்கும் குழாயடியில் ஒரு டம்ளர் இருந்தது.

கார்கள் குட்டி இல்லாமல் திரும்பின. என்னை அப்போதே போகச் சொல்லிவிட்டார். நான் ஏரிக்கரையில் கைவீசி நடந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை. செய்தி ரயிலில் ஆபீஸ் போகிறவர்கள் வாயில் ஏறி மாம்பலம் வரைக்கும் போனது. அவருடைய கடிதத்தைப் படித்துப் படித்து ஊறியவர்கள் ஆயிற்றே, ஒருவர் விடாமல் நம்பினார்கள். வாங்கிய குட்டியைச் சிலர் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்களாம். கேட்டபோது எனக்கு இனித்தது.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அண்ணாத்தே எங்கள் படலைத் தட்டினார். உள்ளே வரவில்லை.

"எல்லாம் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டாரு தங்கச்சி. ஆறையும் சாக்குல கட்டி முந்தா நாள் குத்தம்பாக்கத்துல உட்டுட்டு வந்தேன். மாட்டேன்னா வேல போயிடும். ராத்திரியில சோறு எறங்கல."

ஆறு தாய்களையும் அந்தப் பின்கட்டில் இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் பார்த்தவள் நான். வீட்டுக்காரர் முகத்தில் கரி பூசுவதை யோசித்தேன், டம்ளரை யோசித்தேன், என்னை யோசித்தேன். குட்டி விற்காவிட்டால் கூண்டில் இருக்கும் ஆறும் என்ன ஆகும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. விற்காத தாயை அவர் என்ன செய்வார் என்று, நாலாம் கூண்டை எடுத்து வந்த எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நான், அம்மா, அண்ணாத்தே மூவரும் கிளம்பினோம். ஆளைப் பார்த்தால் அவை ஒதுங்கும், நாயைப் பார்த்தால் நிற்கும் என்று அண்ணாத்தே சொன்னதால் இந்தாடியையும் கூடையில் வைத்து மேலே துண்டு போட்டு எடுத்துக்கொண்டோம். பூந்தமல்லியில் இறங்கி மாட்டுவண்டி பிடித்தோம். என் மாமியார் வீட்டுத் தெருவைத் தாண்டித்தான் வண்டி போனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ரோட்டோரம் ஒன்று கிடந்தது, லாரி ஏறியிருந்தது. அம்மா முந்தானையால் என் கண்ணை மறைக்க வந்தாள், நான் தள்ளிவிட்டுப் பார்த்தேன். உள்ளே பனைமரங்களுக்கு நடுவில், சாக்கை அவிழ்த்த அதே இடத்தில், மூன்று இருந்தன. மூன்று நாளாகியும் அவை எங்கும் போகவில்லை. எங்கும் போகலாம் என்பதே அவற்றுக்குத் தெரியாது. இரண்டு புழுதியில் ஒட்டிக் கிடந்தன. ஒன்று ஆறு அடி நடந்து திரும்பி, ஆறு அடி நடந்து திரும்பிக்கொண்டிருந்தது.

நான் கையை நீட்டினேன். மூன்றும் வயிறு தரையில் தேயப் பின்னால் நகர்ந்தன. அவர் கையும் என் கையும் அவற்றுக்கு ஒன்றுதான். அன்றைக்கு அவை நினைத்ததில் தப்பில்லை.

கூடை ஆடியது. இந்தாடி துண்டை முட்டிக்கொண்டு தலையை நீட்டியது. எங்கள் வீட்டுப் படலைத் தாண்டாத நாய் கூடையிலிருந்து தானே குதித்து, புழுதியில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, நடந்துகொண்டிருந்த அந்த நாயின் குறுக்கே போய் நின்றது. அது திரும்ப முடியாமல் நின்றது. இரண்டும் மோந்து பார்த்தன. பிறகு இந்தாடி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மற்றது அதன் மேல் சாய்ந்துகொண்டு உட்கார்ந்தது. அதற்கு அப்புறம் அம்மா ஒவ்வொன்றாகத் தூக்கினாள், ஒன்றும் எதிர்க்கவில்லை. மீதி இரண்டை மத்தியானம் வரை தேடினோம். கிடைக்கவில்லை.

திரும்பும்போது வண்டியில் நான், அந்த ஆள் நாசமாய்ப் போக வேண்டும் என்று வாய்விட்டுச் சபித்தேன். அம்மா மடியில் இரண்டு நாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவன் கூண்டுல போட்டான், நீ கூண்ட ஒடச்ச. ரெண்டு பேரும் நாயக் கேக்கலடி" என்றாள்.

அவர் நாசமாகவெல்லாம் போகவில்லை. அடுத்த மாதமே அந்தக் கூண்டுகளில் கோழி வளர்க்க ஆரம்பித்தார், நன்றாகவே போனது என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் அவர் சாவுக்கு நான் போகவில்லை. அவர் மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு ஓய்வாகிவிட்டன. அந்த வருஷம் முழுக்க, முன்பு டைப் அடிக்கப் போன அதே நேரத்துக்குக் கூடையை எடுத்துக்கொண்டு, கிடைக்காத அந்த இரண்டையும் தேடிக் குத்தம்பாக்கத்துக்குப் போனேன். கூடையை எடுக்கிற சத்தம் கேட்டால் இந்தாடி எனக்கு முன்னால் போய்ப் படலுக்கு வெளியே, தெருவில் நிற்கும். போகும்போதும் கூடையில் ஒரு நாய், வரும்போதும் ஒரு நாய்.